மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனங்களின் சின்ன மாற்றம்: நோயாளியிடமிருந்து தொடங்க வேண்டிய பணி

ஒரு நிறுவனத்தின் பெயரை முழுமையாகப் படிப்பதற்கு முன்பே அதனை அடையாளம் காட்டிவிடும் வரைவடிவமே அந்நிறுவனத்தின் சின்னம். பேச்சுவழக்கில் லோகோ எனப்படும் இச்சின்னம் பிற துறைகளில் விற்பனைக்குத் துணைநிற்கும் அழகுப் பொருளாகக் கருதப்படலாம். மருத்துவத் தொழில்நுட்பத் துறையில் அதன் பொறுப்பு அதனினும் பெரிது. ஸ்கேன் கருவிகள், மருத்துவமனைப் பதிவேடுகளைக் காக்கும் மென்பொருள்கள், மருத்துவரைச் சந்திக்க நேரம் பதிவு செய்யும் செயலிகள், வீட்டிலிருந்தபடியே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பார்க்க உதவும் சிறு கருவிகள் ஆகியவற்றை உருவாக்குவோரே மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனங்கள். அவற்றின் சின்னம் மக்களின் கண்ணில் படுவது பெரும்பாலும் உடல்நலம் குன்றிய வேளையில்தான். பரிசோதனை முடிவைத் தாங்கி வரும் காகிதத்தின் தலைப்பிலும், ஸ்கேன் அறைக்குள் படுத்திருப்பவரின் தலைக்கு மேலும், இரவில் மருந்து நேரத்தை நினைவூட்டும் கைப்பேசித் திரையிலும் அது தோன்றுகிறது. ஆகவே அத்தகைய சின்னத்தை மாற்றி அமைக்கும் பணி, நிறுவனத்தின் இயக்குநர் அறையிலிருந்து தொடங்காமல், அதனைப் பார்த்து நம்பிக்கை கொள்ள வேண்டிய நோயாளியிடமிருந்து தொடங்குவதே முறை.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில், கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே அமைந்த கேரித் தீவு இக்கருத்தை உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயரைத் தாங்கிய இத்தீவு, தொழிலாளர்களாக வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த செம்பனைத் தோட்டங்களுக்கும், மா மெரி பூர்வகுடியினரின் மரச்சிற்பக் கலைக்கும் பெயர்பெற்றது. இங்குள்ள தோட்டங்கள் கோல்டன் ஹோப் நிறுவனத்திடம் இருந்தன. 2007ஆம் ஆண்டு கோல்டன் ஹோப், கத்ரி, சைம் டார்பி ஆகிய மூன்றும் இணைந்தபோது சைம் டார்பியின் பெயர் வந்தது. 2017இல் தோட்டப் பிரிவு தனி நிறுவனமாகப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2024இல் அதுவே எஸ்டி கத்ரி எனப் பெயர் மாறியது. இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் கிழக்கு, மேற்கு என்ற திசைப் பெயர்கள் தீவின் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் நிலைத்திருக்கின்றன. நிறுவனம் தனக்குச் சூட்டிக்கொள்ளும் அடையாளமும் மக்கள் தம் நினைவில் வைத்திருக்கும் அடையாளமும் வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன என்பதைச் சின்னத்தை மாற்ற நினைக்கும் எவரும் முதலில் உணர வேண்டும்.

பழைய குறிகள் கற்பிக்கும் பாடம்

மருத்துவத்துக்குரிய குறிகளின் வரலாறு நீண்டது. அதில் பெருமையும் உண்டு, பிழையும் உண்டு. பண்டைய கிரேக்கர்கள் மருத்துவத் தெய்வமாக வணங்கிய அஸ்க்லேப்பியசின் கையில் இருந்தது, ஒற்றைப் பாம்பு சுற்றிய கோல். 1948இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் சின்னத்தில் அக்கோலையே அமைத்துக்கொண்டது. இரண்டு பாம்புகளும் சிறகுகளும் கொண்ட மற்றொரு கோல், வணிகர்களுக்கும் தூதர்களுக்கும் காவலான ஹெர்மிஸ் தெய்வத்துக்கு உரியது. 1902இல் அமெரிக்கத் தரைப்படையின் மருத்துவப் பிரிவு இந்த இரண்டாவது கோலைத் தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டதன் பின்னர் அது அந்நாட்டு மருத்துவ உலகில் பரவிவிட்டது. ஆராயாமல் எடுத்துக்கொண்ட ஒரு வடிவம் நூறாண்டு கடந்தும் திருத்த முடியாதபடி வேரூன்றிவிடும் என்பதற்கு இதுவே சான்று.

செஞ்சிலுவைக் குறியின் நிலை இதனினும் கண்டிப்பானது. 1864ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையால் போர்க்களத்து மருத்துவப் பணியாளர்களைக் காக்கும் குறியாக ஏற்கப்பட்ட அது, வணிக நிறுவனங்கள் விரும்பியபடி எடுத்தாளக்கூடிய பொதுச் சொத்து ஆகாது. மலேசியாவில் இயங்கிய செஞ்சிலுவைச் சங்கம் 1975இல் செம்பிறைச் சங்கமாகப் பெயரும் குறியும் மாற்றிக்கொண்டது. செம்பிறைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் வண்டிகளில் செம்மஞ்சள் நிறச் சிலுவை பயன்படுத்தப்பட்டபோது, அது செஞ்சிலுவையை ஒத்திருப்பதாக 1973இல் அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் மறுப்புத் தெரிவித்தது. அதன் விளைவாகவே ஆறு கைகள் கொண்ட நீல நிற உயிர்நட்சத்திரக் குறி உருவாகி, 1977இல் பதிவு பெற்றது. எனவே தன் சின்னத்தில் சிவப்புச் சிலுவையை வரைந்து தரும் வடிவமைப்பாளரிடம் அதனை உடனே நீக்கச் சொல்வது மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனத்தின் முதற்கடமை.

எழுத்தறிவைச் சாராமல் மக்களைச் சென்றடைந்த குறிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு இந்தியாவில் உண்டு. 1960களில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்காக டி. கே. தியாகி என்ற அதிகாரியின் முயற்சியால் அறிமுகமான தலைகீழ்ச் செம்முக்கோணம், தமிழகம் உட்பட நாடெங்கும் சுவர்களில் வரையப்பட்டது. ஒரே நிறம், மூன்று கோடுகள், எந்தச் சுவரிலும் எந்தத் தூரிகையாலும் எளிதில் வரையத்தக்க வடிவம் என்ற எளிமையே அதன் வலிமை. பல மொழிகள் பேசும் மக்களுக்கு ஒரே குறியைக் கொண்டு சேர்த்த அந்த முயற்சி, கைப்பேசிச் செயலிக்கு இன்று சின்னம் வரைபவருக்கும் பயன்படும் பாடமாகும்.

நிறுவனங்கள் சின்னத்தை ஏன் மாற்றுகின்றன?

சின்ன மாற்றத்துக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு: நிறுவனத்தின் தொழில் மாறுவது, நிறுவனம் பிரிவது அல்லது வேறொன்றோடு இணைவது, சின்னம் தோன்றும் இடம் மாறுவது.

முதற்காரணத்துக்குப் பிலிப்ஸ் சிறந்த எடுத்துக்காட்டு. 1891இல் நெதர்லாந்தில் மின்விளக்குத் தொழிற்சாலையாகத் தொடங்கி, வானொலியும் தொலைக்காட்சியும் செய்து உலகப் புகழ் பெற்ற அந்நிறுவனத்தின் கேடயச் சின்னத்தில் அலைகளும் நட்சத்திரங்களும் இடம்பெற்றிருக்கின்றன. அவை வானொலிக் காலத்தின் நினைவுகள். 2013இல் கேடயத்தைப் புதுப்பித்தபோது அலைகளையும் நட்சத்திரங்களையும் கைவிடாமல், அவற்றின் வரைவடிவத்தைத் திருத்தி அமைத்தார்கள். பின்னர் விளக்குத் தொழில் 2016இல் பிரிந்து, 2018இல் சிக்னிஃபை எனப் பெயர் பெற்றது. வீட்டு உபயோகப் பொருள்களின் பிரிவும் 2021இல் விற்கப்பட்டது. மருத்துவக் கருவிகளே பிலிப்ஸின் முதன்மைத் தொழிலாகிவிட்ட போதிலும், உரிமத்தின்பேரில் பிறர் செய்யும் சமையலறைப் பொருள்களிலும் அதே பெயர் தொடர்கிறது. பழகிய பெயரில் மக்களுக்குள்ள நம்பிக்கையைப் புதிய தொழிலுக்குக் கொண்டுவருவதற்காகவே, சின்னத்தில் சிறிதளவே மாற்றம் செய்யும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது எனக் கருதுவதற்கு இடமுண்டு.

இரண்டாவது காரணத்தைச் சீமென்ஸ், ஜிஇ ஆகிய இரு நிறுவனங்களின் மருத்துவப் பிரிவுகள் காட்டுகின்றன. சீமென்ஸ் தன் மருத்துவப் பிரிவுக்கு 2016ஆம் ஆண்டு மே மாதம் சீமென்ஸ் ஹெல்த்தினியர்ஸ் என்ற புதிய பெயரையும், செம்மஞ்சள் புள்ளிகள் கொண்ட புதிய சின்னத்தையும் அளித்தது. அப்பெயர் அறிவிக்கப்பட்டபோது சமூக ஊடகங்களில் கேலிக்கு ஆளானது. ஆயினும் நிறுவனம் அதனை விடாமல் பின்பற்றி, 2018இல் அதே பெயரில் பங்குச் சந்தையில் நுழைந்தது. ஜிஇ நிறுவனமோ 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் மருத்துவப் பிரிவைத் தனியாக்கியபோது, நூறாண்டுக்கும் மேலாக வழங்கிவரும் வட்ட வடிவக் கூட்டெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாற்றியது. வடிவம் பழைய நம்பிக்கையைச் சுமக்கவும், நிறம் புதிய நிறுவனத்தைப் பிரித்துக் காட்டவும் செய்த இந்த ஏற்பாடு, சின்ன மாற்றத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற வினாவுக்குக் கிடைத்த தெளிவான விடையாகும்.

மூன்றாவது காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. ஜான்சன் அன்ட் ஜான்சன் நிறுவனம் 1887 முதல் கையொப்பம் போன்ற கூட்டெழுத்து வடிவிலேயே தன் பெயரை எழுதிவந்தது. 2023 செப்டம்பரில் அதனைக் கைவிட்டு, ஒவ்வோர் எழுத்தும் தனித்துத் தெரியும் நேரான வடிவத்துக்கு மாறியது. அதன் அறுவைச் சிகிச்சைக் கருவிப் பிரிவும் அதே எழுத்துவடிவத்தின்கீழ் வந்தது. ஒரு காலத்தில் பெட்டியின்மேல் அழகாகத் தோன்றிய வளைவுகள், சிறிய திரையில் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடுகின்றன.

கிள்ளான் பள்ளத்தாக்கின் அனுபவம்

உள்ளூர் மருத்துவமனைகளும் இவ்வகை மாற்றங்களைக் கண்டிருக்கின்றன. 1985இல் தொடங்கப்பட்ட சுபாங் ஜெயா மருத்துவ மையம், சில ஆண்டுகள் சைம் டார்பியின் பெயரை முன்னிறுத்திய பின்னர், மக்களுக்குப் பழகிய ஊர்ப் பெயருக்கே திரும்பியது. 2013இல் ஆஸ்திரேலியாவின் ராம்சே நிறுவனத்தோடு சைம் டார்பி கூட்டுச் சேர்ந்தது. அந்தக் கூட்டு நிறுவனம் 2021இல் கிள்ளானில் இருந்த மணிப்பால் மருத்துவமனையை வாங்கியதும், அது புக்கிட் திங்கி மருத்துவ மையம் ஆனது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் அம்மருத்துவமனைகள் அனைத்தும் கொலம்பியா ஏசியா குழுமத்திடம் கைமாறின. தாய் நிறுவனம் மாறியபோதும் சுபாங் ஜெயா, புக்கிட் திங்கி என்ற ஊர்ப் பெயர்கள் நிலைத்தது தற்செயலானதன்று. அவசர வேளையில் நோயாளியின் வீட்டார் வாடகை வண்டி ஓட்டுநரிடம் சொல்வது பங்குதாரர்களின் பெயரை அன்று, ஊரின் பெயரையே.

மருத்துவமனைக்கு ஊர்ப் பெயர் என்ற பிடிமானம் இருக்கிறது. செயலிக்கும் மென்பொருளுக்கும் அது இல்லை. அவற்றுக்குக் கட்டடம் கிடையாது, வாசல் கிடையாது, வாசலில் நின்று வழிசொல்லும் தாதியும் கிடையாது. திரையில் தெரியும் சிறு சதுரமே அவற்றின் வாசல். அதனால்தான் மருத்துவத் தொழில்நுட்பத்தில் சின்னம் சுமக்கும் பொறுப்பு மருத்துவமனையின் பெயர்ப்பலகை சுமப்பதைக் காட்டிலும் கூடுதலாகிறது.

மாற்றம் நடைபெறும் முறை

பொறுப்புள்ள சின்ன மாற்றம் வரைவதிலிருந்து தொடங்குவதில்லை, கணக்கெடுப்பிலிருந்தே தொடங்குகிறது. பழைய சின்னம் எங்கெல்லாம் இருக்கிறது என்ற பட்டியலில் கருவியின் முகப்பு, தொடக்கத்திரை, இயக்கக் கையேடு, மருந்துச் சீட்டு, பில், பணியாளர் அடையாள அட்டை, குறுஞ்செய்தி, வாகனம் என ஒவ்வொன்றும் இடம்பெற வேண்டும். அடுத்து, அச்சின்னத்தில் மக்கள் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது ஆராயப்படுகிறது: நிறத்தையா, வடிவத்தையா, எழுத்தையா? பதில் எதுவோ, அது புதிய சின்னத்திலும் தொடர வேண்டும். இவ்விரண்டும் முடிந்த பின்னரே வரைவுப் பணி தொடங்குகிறது.

சின்னத்தில் வழக்கமாக இரண்டு உறுப்புகள் இருக்கும்: நிறுவனத்தின் பெயரைத் தனித்த எழுத்துவடிவில் காட்டும் பெயர்ப்பகுதி, பெயரில்லாமலும் நிற்கக்கூடிய உருப்பகுதி. கைப்பேசியில் செயலியின் முகப்பாக இடம்பெறுவது உருப்பகுதி மட்டுமே. ஆன்ட்ராய்டு கைப்பேசிகளில் அம்முகப்பு சில கருவிகளில் வட்டமாகவும் சிலவற்றில் சதுரமாகவும் வெட்டப்படுவதால், 108 அலகு அகலமுள்ள வரைபரப்பின் நடுவில் 66 அலகு அகலத்துக்குள் இருப்பது மட்டுமே வெட்டுப்படாது என்று கூகுள் வரையறுத்திருக்கிறது. இணைய உலாவியின் தாவலில் தோன்றும் உருவோ 16 புள்ளி அகலம் மட்டுமே கொண்டது. இதயம், கைகள், இலை, நாடித்துடிப்புக் கோடு ஆகிய நான்கையும் ஒரே உருவில் திணித்தால் அந்த 16 புள்ளிக்குள் எஞ்சுவது ஒரு கறை மட்டுமே.

நிறத் தேர்வும் அவ்வாறே கவனத்துக்குரியது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாட்டை விகிதமாக அளப்பார்கள். வெள்ளையின்மேல் கறுப்பு 21:1 என்ற உச்ச அளவைப் பெறும். இணையத்தில் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பொருள் தரும் உருக்களுக்குக் குறைந்தது 3:1 தேவை என உலகளாவிய இணைய அணுகல் விதிகள் கூறுகின்றன. சின்னங்களுக்கு அவ்விதிகளில் விலக்கு உண்டு. எனினும் கண்புரை உள்ள முதியவர்களே முதன்மைப் பயனர்களாக இருக்கும் துறையில் அந்த விலக்கைப் பயன்படுத்திக்கொள்வது அறமாகாது. மேலும், நோயாளியின் நாடித்துடிப்பைக் கண்காணிக்கும் கருவிகளில் சிவப்பு உயர்நிலை எச்சரிக்கையையும், மஞ்சள் இடைநிலை எச்சரிக்கையையும் குறிக்க வேண்டும் என்பது அனைத்துலகத் தரவிதி. அத்திரையின் மூலையில் பளிச்சென்ற சிவப்புச் சின்னம் ஒளிர்வது தாதியின் கவனத்தைச் சிதறடிக்கக்கூடும்.

கண்ணால் காண இயலாதவர்களுக்குச் சின்னம் எவ்வாறு சென்றடையும் என்ற வினாவும் உண்டு. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் அமைந்திருப்பதால், வெள்ளைக் கோலுடன் நடப்போர் அப்பகுதி மக்களுக்கு அன்றாடம் பழகியவர்கள். கைப்பேசியில் உள்ளதைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருள்களின் உதவியோடு அவர்கள் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள். சின்னத்தின் படத்தோடு அதன் பெயர் மாற்றுரையாக இணைக்கப்படாவிட்டால், அக்குரல் ‘படம்’ என்று மட்டுமே சொல்லிச் செல்லும். புதிய பெயரைப் படத்தில் மாற்றிவிட்டு மாற்றுரையில் பழைய பெயரையே விட்டுவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். சின்ன மாற்றத்தின் சோதனைக் கட்டத்திலேயே இத்தகைய பயனர்களை அழைத்துக் கேட்பதற்குக் கோலாலம்பூரில் வாய்ப்புக்குக் குறைவில்லை.

தமிழ் எழுத்தும் சிறிய திரையும்

மலேசியாவில் சின்னத்தின் பெயர்ப்பகுதி பெரும்பாலும் உரோமன் எழுத்தில் அமைகிறது. பெயர்ப்பலகைகளில் தேசிய மொழிக்கு முதன்மை அளிக்க வேண்டும் என்பது ஊராட்சி மன்றங்களின் விதி. ஆயினும் நோயாளிக்குரிய கையேட்டிலும் செயலியின் மொழித்தேர்விலும் தமிழ் இடம்பெறும்போது, அங்கே வரும் தமிழ்ப் பெயர் ஏதோ ஓர் எழுத்துருவில் கடைசி நேரத்தில் தட்டச்சு செய்யப்படும் இணைப்பாக இருத்தலாகாது. தமிழில் இகர ஈகாரக் கொக்கிகள் மேலே எழுகின்றன, உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்குகின்றன, சொற்களும் நீளமானவை. உரோமன் எழுத்துக்கு அளந்து வைத்த உயரத்திலும் அகலத்திலும் தமிழைத் திணித்தால், புள்ளி மறைந்து மெய்யெழுத்து உயிர்மெய்யாகத் தோன்றிவிடும்.

இத்துறையில் உலகுக்கே வழிகாட்டியவர் ஒரு மலேசியத் தமிழர் என்பது பெருமைக்குரியது. கேரித் தீவில் வேர்கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த முத்து நெடுமாறன், 1985இல் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். கைப்பேசிக்கான செல்லினத்தையும் தந்தார். அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றிருக்கிறது. சிறிய திரையில் தமிழ் தெளிவாகத் தெரிவதற்கான அறிவு கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே வளர்ந்திருக்கும்போது, இந்நாட்டு மருத்துவச் செயலிகள் தமிழைச் சிதைந்த வடிவில் காட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

உள்ளூர் அடையாளத்தை நாடும் வடிவமைப்பாளர்களுக்கு மற்றோர் எச்சரிக்கையும் தேவை. கேரித் தீவின் சுங்கை பும்புன் கிராமத்தில் மா மெரி மக்கள் செதுக்கும் முகமூடிகளும் உருவங்களும் மூதாதையர் ஆவிகளோடு தொடர்புடையவை. அவை அம்மக்களின் நம்பிக்கைக்கும் சடங்குக்கும் உரியவை. நலவாழ்வு நிறுவனம் என்பதற்காக அவ்வுருவங்களை அவர்களின் இசைவின்றி எடுத்துச் சின்னமாக்குவது பண்பாட்டைச் சுரண்டுவதாகவே முடியும்.

சட்டமும் மாறுதல் காலமும்

புதிய சின்னம் வரைந்து முடிந்தாலும் அது சட்டத்தின் பாதுகாப்பைப் பெற வேண்டும். மலேசியாவின் வணிக முத்திரைச் சட்டம் 2019ஆம் ஆண்டு டிசம்பர் 27 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம். பொருள்களும் சேவைகளும் அனைத்துலக அளவில் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் மென்பொருள் 9ஆம் வகுப்பிலும், மருத்துவக் கருவிகள் 10ஆம் வகுப்பிலும், மென்பொருள் உருவாக்கச் சேவை 42ஆம் வகுப்பிலும், மருத்துவச் சேவை 44ஆம் வகுப்பிலும் வருவதால், ஒரே சின்னத்தைப் பல வகுப்புகளில் பதிய வேண்டியிருக்கும். மருத்துவக் கருவிகளுக்கு 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டமும் பொருந்தும். கருவியில் ஒட்டப்படும் முகப்புச்சீட்டும் அச்சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பதால், புதிய சின்னத்தை அங்கே மாற்றி ஒட்டுவதை விளம்பரப் பிரிவு மட்டும் தீர்மானித்துவிட முடியாது.

எல்லாவற்றினும் ஆபத்தானது மாறுதல் காலம். பழைய சின்னத்தில் பழகிய பயனருக்குத் திடீரெனப் புதிய சின்னத்தோடு ஒரு குறுஞ்செய்தி வந்தால், அது உண்மையானதா, மோசடிக்காரர்கள் அனுப்பியதா என்று அறிய வழியில்லை. பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கேட்கும் போலிச் செய்திகள் நுழைவதற்கு இதுவே வசதியான நேரம். ஆகவே, மாற்றத்தைப் பழைய சின்னத்தின்கீழேயே முன்கூட்டி அறிவிப்பதும், குறிப்பிட்ட காலத்துக்கு இரண்டையும் அருகருகே காட்டுவதும், மாற்றத்தைக் காரணம் காட்டி எந்தத் தனிப்பட்ட விவரமும் கேட்கப்படாது என்று மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் தெளிவாகச் சொல்வதும் தவிர்க்க முடியாத கடமைகள்.

சின்ன மாற்றத்துக்காகச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதியை, வரைவு நிலையிலேயே அதனைக் கேரித் தீவுத் தோட்டத்து முதியவர்களிடமும், பிரிக்பீல்ட்ஸ் பார்வையற்றோரிடமும், கிள்ளான் மருத்துவமனைகளில் வரிசையில் காத்திருப்போரிடமும் காட்டிக் கருத்துக் கேட்பதற்கு நிறுவனங்கள் ஒதுக்க வேண்டும். அவர்கள் அடையாளம் கண்டுகொள்ளும் சின்னத்தை வேறு எவரும் அடையாளம் காணத் தவறமாட்டார்கள். வாசகர்களும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம்: பயன்படுத்தும் செயலியின் சின்னமோ பெயரோ மாறியிருந்தால், குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், மருத்துவமனையையோ கிளினிக்கையோ நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்துகொள்ளட்டும், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இதனைச் சொல்லி வைக்கட்டும்.